கருவுக்குள் ஒரு முறுக்குக் கணக்கு: டி.என்.ஏ. மீச்சுருளும் படியெடுப்பும்



"டி.என்.ஏ.யின் வடிவம் யாது?" என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் "இரட்டைச் சுருள்" என்பீர்கள். சரியான விடைதான். புள்ளியும் கிடைக்கும். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். ஏன் அது சுருள வேண்டும்? இரண்டு இழைகளும் புகையிரதத் தண்டவாளம் போலப் பக்கம் பக்கமாக ஓடினால் என்ன குறைந்துவிடும்? அப்போதும் அடினினுக்கு எதிரே தைமின் இருக்கும், குவானினுக்கு எதிரே சைற்றோசின் இருக்கும். எழுதப்பட்ட செய்தியில் ஓர் எழுத்தும் கெடாது. பிறகு எதற்கு இந்த முறுக்கு?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. 1976 ஆம் ஆண்டில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு பேராசிரியர் கிட்டத்தட்ட இதே கேள்வியை எழுப்பினார். அதற்கு உறுதியான விடை காண உலகின் பெரிய ஆய்வாளர்களே முன்வர வேண்டியிருந்தது. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம். இப்பாடத்தில் வரும் சில விடயங்கள் சாதாரண தரத்துக்குச் சற்று மேற்பட்டவை. ஆயினும் கரு, நிறமூர்த்தம், பரம்பரையலகு, கலப்பிரிவு ஆகிய பாடங்களைத் தனித்தனியே மனனம் செய்து களைத்துப்போனவர்களுக்கு அவையெல்லாம் ஒரே கயிற்றில் எப்படிக் கோர்க்கப்பட்டுள்ளன என்று இதில் தெரியும். உயர்தரத்தில் உயிரியல் எடுக்க நினைப்பவர்கள் கட்டாயம் வாசிக்கவும்.

தெரிந்ததை மீட்டுவோம்

டி.என்.ஏ. மூலக்கூறு இரண்டு இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் நியூக்கிளியோரைட்டுகள் தொடராக இணைந்து உருவானது. இழைகளுக்கு இடையே நைதரசன் மூலங்கள் ஐதரசன் பிணைப்புகளால் சோடி சேர்ந்திருக்கும். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். இனி நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடைத்தூரம் 0.34 நனோமீற்றர். மூலக்கூறின் தடிப்பு 2 நனோமீற்றர். ஏறத்தாழ 10.5 சோடிக்கு ஒரு முழுத் திருப்பம். மனிதனின் ஓர் உடற்கலத்தில் உள்ள 46 நிறமூர்த்தங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 6400 மில்லியன் சோடி.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 6400 மில்லியனை 0.34 நனோமீற்றரால் பெருக்கினால் 2 மீற்றருக்குச் சற்று அதிகமாக வரும். 10.5 ஆல் வகுத்தால் 600 மில்லியனுக்கு மேற்பட்ட திருப்பங்கள். இவ்வளவும் ஏறத்தாழ 6 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள ஒரு கருவுக்குள் இருக்கின்றன.

நனோமீற்றர் என்றால் மனத்தில் படம் வராது. எனவே எல்லாவற்றையும் ஐந்து இலட்சம் மடங்கு பெரிதாக்குவோம். டி.என்.ஏ. 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு சணல் நூலாகிவிடும். அதன் நீளம் 1000 கிலோமீற்றராகும். கண்டியிலிருந்து கொழும்புக்கு நான்கு தடவை போய்வந்தாலும் நூல் மிஞ்சும். கருவோ 3 மீற்றர் விட்டமுள்ள உருண்டை, அதாவது ஒரு லயக் காம்பராவுக்குள் அடங்கக்கூடியது. காம்பரா நிறைய நூல் என்று நினைப்பீர்கள். கணக்குப் பார்த்தால் அந்த நூல் உருண்டையின் கனவளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். இடம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் விழாமல் வைப்பதும், வேண்டிய வேளையில் வேண்டிய இடத்தைப் பிரித்து வாசிப்பதும்தான் சிரமம். பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பீலிக்கரையில் ஒரு மீச்சுருள்

பீலிக்கரையில் சேலை பிழிவதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் ஒரு தலைப்பைப் பிடிக்க மற்றவர் மறுதலைப்பைப் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். முதலில் சேலை நேரான வடம்போல் முறுக்கேறும். மேலும் முறுக்கி, இருவரும் சற்றுக் கிட்ட வந்தால் என்ன நடக்கும்? அந்த வடம் தன்மேல் தானே மடிந்து இன்னொரு சுருளாகச் சுற்றிக்கொள்ளும். முதல் முறுக்கு சேலையின் முறுக்கு. இரண்டாவது, முறுக்கேறிய சேலையே சுருண்ட சுருள். டி.என்.ஏ.யிலும் இழைகள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றியிருப்பது இரட்டைச் சுருள். அந்த இரட்டைச் சுருள் முழுவதுமாகத் தன்மேல் தானே சுருண்டால் அது மீச்சுருள் எனப்படும்.

மீச்சுருள் இருவகைப்படும். இயல்பான அளவைவிட அதிகமாக முறுக்கியதால் உண்டாவது நேர் மீச்சுருள். இயல்பான அளவைவிடக் குறைவாக முறுக்கியதால் உண்டாவது மறை மீச்சுருள். "முறுக்கைக் குறைத்தாலும் சுருளுமா?" என்று சிலர் கேட்பார்கள். ஆம். ஒரு கயிற்றை அதன் இயல்பான நிலையிலிருந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பழைய நிலைக்கு மீள முயலும். முனைகளைப் பிடித்துக்கொண்டால் மீள வழியின்றிச் சுருளும். உயிர்க்கலங்களில் டி.என்.ஏ. பொதுவாக மறைப் பக்கம் சற்றுச் சாய்ந்தே வைக்கப்பட்டுள்ளது. காரணம் பின்னர் விளங்கும்.

வளைய வடிவமான டி.என்.ஏ.யில்தான் மீச்சுருள் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1965 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழினுட்பக் கல்விக்கழகத்தில் ஜெரோம் வினோகிராட் என்பவரும் குழுவினரும் பொலியோமா என்னும் வைரசின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தனர். முனைகளற்ற வளையமாக இருந்த அது முறுக்கிக் கிடந்தது. இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும் ஒரு வெட்டு விழுந்தால் போதும், முறுக்கு அவிழ்ந்து சாதாரண வளையமாகிவிடும். இந்தச் சிறு செய்தியில் பெரிய உண்மை ஒன்று உண்டு.

வெட்டாமல் மாறாத எண்

1050 சோடி கொண்ட ஒரு வளைய டி.என்.ஏ.யை எடுங்கள். 10.5 ஆல் வகுத்தால் 100 திருப்பம். அதாவது ஓர் இழை மற்றதை 100 தடவை சுற்றியிருக்கிறது. இதைக் கோர்வை எண் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, 6 திருப்பங்களைப் பிரித்துவிட்டு, மறுபடி ஒட்டினால் கோர்வை எண் 94. இனி இந்த வளையத்தை எப்படி மடித்தாலும் நீட்டினாலும் 94 என்பது 94 தான். மீண்டும் வெட்டினாலொழிய அது மாறாது.

ஆனால் டி.என்.ஏ.க்கு இயல்பாகப் பிடித்தது 100 திருப்பம். எனவே அது இழைகளுக்கிடையே 100 திருப்பத்தை வைத்துக்கொண்டு, குறையும் 6 ஐ மறை மீச்சுருளாகத் தன் உடலில் சுமக்கும். அதாவது

கோர்வை எண் = இழைகளின் திருப்பம் + மீச்சுருள்
94 = 100 + (−6)

இதே வளையம் மீச்சுருள் எதுவும் இன்றித் தட்டையாகக் கிடக்கவும் முடியும். அப்போது இழைகளின் திருப்பம் 94 ஆகக் குறைய வேண்டும், அல்லது 63 சோடிகள் அளவான ஒரு பகுதி பிரிந்து திறந்து நிற்க வேண்டும். (6 × 10.5 = 63 என்பதைச் சரிபார்க்கவும்.) ஆக, மறை மீச்சுருள் என்பது திறப்பதற்காகச் சேமித்து வைத்த சக்தி. கலம் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். கணக்கில் 6 ஐ நான் சும்மா எடுக்கவில்லை. பற்றீரியாக்களின் டி.என்.ஏ.யில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 என்ற அளவிலேயே திருப்பம் குறைக்கப்பட்டிருக்கும்.

நான் கலைப்பட்டதாரி. சமன்பாட்டுக்கு முன் சொல்தான் எனக்குப் பிடிபடும். கயிற்றின் இழையைத் தமிழில் புரி என்கிறோம். முறுக்குவதற்கும் புரி என்றே பெயர். விளங்கிக்கொள்வதற்கும் அதே சொல்.

பெங்களூர்க் கேள்வி

இனி முதலில் சொன்ன கதை. வி. சசிசேகரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனுடன் பணியாற்றியவர். 1963 இல் இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட ஆய்வின் வழியாக வந்ததே புரத வடிவங்களைச் சோதிக்க இன்றும் உலகமெங்கும் பயன்படும் "இராமச்சந்திரன் வரைபடம்". பின்னர் பெங்களூருக்குச் சென்ற சசிசேகரன், 1976 இல் என். பட்டாபிராமனுடன் சேர்ந்து டி.என்.ஏ.க்கு வேறு வடிவமும் இயலும் என்று எழுதினார். அதே ஆண்டில் நியூசிலாந்தில் ஜி.ஏ. ரொட்லி என்பவரின் குழுவும் இதுபோன்ற மாதிரியை வெளியிட்டது. அம்மாதிரியில் இழைகள் சிறிது தூரம் வலப்பக்கம் திரும்பும். அடுத்த சிறிது தூரம் இடப்பக்கம் திரும்பும். வலமும் இடமும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் மொத்தத்தில் இழைகள் சுற்றிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாகவே கிடக்கும்.

இவர்கள் சும்மா மறுக்கவில்லை. வாற்சனும் கிரிக்கும் 1953 இல் இரட்டைச் சுருளை வெளியிட்ட மறு ஆண்டிலேயே மக்ஸ் டெல்புரூக் ஒரு சங்கடத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். கலம் பிரியுமுன் டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும், அதற்கு இழைகள் பிரிய வேண்டும். மில்லியன் கணக்கான திருப்பங்களை அவிழ்ப்பது எங்ஙனம்? பக்கம் பக்கமாகக் கிடந்தால் இந்தச் சங்கடமே இல்லை. மேலும் அக்காலத்தில் டி.என்.ஏ. நார்களின் எக்ஸ்-கதிர்ப் படங்கள் மட்டுமே இருந்தன. அப்படங்களை வைத்து இரட்டைச் சுருள்தான், வேறொன்றும் இல்லை என்று சாதிக்க முடியாது என்பதே இவர்களின் வாதம்.

எப்படித் தீர்த்தார்கள் என்பதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். பழைய பத்திரிகைத் தாளில் விரல் அகலமான மூன்று நீளப் பட்டிகளை வெட்டுங்கள். முதலாவதைத் திருப்பாமல் வளையமாக ஒட்டுங்கள். இரண்டாவதை ஒரு முழுத் திருப்பம் திருப்பி ஒட்டுங்கள். மூன்றாவதில் பாதித் திருப்பம் வலப்பக்கம், அடுத்த பாதித் திருப்பம் இடப்பக்கம் வைத்து ஒட்டுங்கள். பட்டியின் இரு ஓரங்களும் டி.என்.ஏ.யின் இரு இழைகள் என்று கொள்க. இனிக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு வளையத்தையும் நடுக்கோட்டின் வழியே சுற்றிவர வெட்டுங்கள். ஐதரசன் பிணைப்புகளை அறுப்பதற்கு இது சமம்.

முதலாவதும் மூன்றாவதும் இரண்டு தனி வளையங்களாக விழும். இரண்டாவது மட்டும் சங்கிலிக் கண்ணிபோல ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு முழுத் திருப்பம் வைத்திருந்தால் இரண்டு தடவை மாட்டியிருக்கும். வாசித்துவிட்டுப் போகாதீர்கள், செய்து பாருங்கள். கையில் அந்தக் கண்ணி தொங்கும்போது வரும் விளக்கம் எழுத்தில் வராது.

உண்மையான வளைய டி.என்.ஏ.யில் என்ன நடந்தது? ஐதரசன் பிணைப்புகள் அறுபடும்படி காரத்திலோ வெப்பத்திலோ வைத்தாலும் வெட்டுப்படாத வளையத்தின் இழைகள் பிரிந்து போகவில்லை. மாட்டியே கிடந்தன. சசிசேகரனின் மாதிரி சரியென்றால் அவை மூன்றாவது பட்டிபோல் விழுந்திருக்க வேண்டும். 1979 இல் பிரான்சிஸ் கிரிக், ஜேம்ஸ் வாங், வில்லியம் பௌவர் மூவரும் இந்தக் கோர்வை எண் ஆதாரங்களைத் திரட்டி, "டி.என்.ஏ. உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா?" என்னும் கருத்துள்ள தலைப்பிலேயே கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில் வாங் கரைசலில் உள்ள டி.என்.ஏ.யை அளந்து ஒரு திருப்பத்துக்கு ஏறத்தாழ 10.4 சோடி என்று கண்டார். 1980 இல் ரிச்சர்ட் டிக்கர்சனின் ஆய்வுகூடம் ஒரு முழுத் திருப்பம் கொண்ட டி.என்.ஏ.யின் பளிங்கு வடிவத்தை வெளியிட்டது. விவாதம் இரட்டைச் சுருளின் பக்கம் முடிந்தது.

சசிசேகரன் தோற்றார் என்று ஒரு வரியில் எழுதிவிட வேண்டாம். "படத்தில் அப்படி இருக்கிறது" என்பது மட்டும் ஆதாரமாகாது என்று அவர் கேட்டதால்தான், எண்ணிக் காட்டும் ஆதாரங்கள் கூர்மையாக முன்வைக்கப்பட்டன. இடப்பக்கம் திரும்பும் டி.என்.ஏ.யும் இயலும் என்ற எண்ணம் அவரது மாதிரிக்குள்ளேயே இருந்தது. 1979 இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழு உண்மையாகவே இடப்பக்கம் திரும்பும் ஒரு டி.என்.ஏ. வடிவத்தைப் பளிங்கில் கண்டது.

கருவுக்குள் சுற்றிவைத்தல்

வைரசும் பற்றீரியாவும் வளையம் வைத்திருக்கின்றன, மனிதனின் நிறமூர்த்தம் நேரானதாயிற்றே, முனைகள் சுழன்று முறுக்கு அவிழ்ந்துவிடாதா? நல்ல கேள்வி. மனிதனின் மிகப் பெரிய நிறமூர்த்தமான 1 ஆம் நிறமூர்த்தத்தின் டி.என்.ஏ. ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதில் இடையிடையே புரதங்கள் டி.என்.ஏ.யைத் தடங்களாக மடித்துப் பிடித்துவைத்துள்ளன. தடத்தின் இரு அடிகளும் பிடிபட்டிருப்பதால் அந்தத் தடம் ஒரு வளையத்தைப் போலவே நடந்துகொள்ளும். நுனி எங்கோ தொலைவில் இருக்கிறது. அது சுழன்று இங்குள்ள முறுக்கைத் தீர்க்காது.

அடுத்ததாக, இந்த நூல் உருளைகளில் சுற்றப்படுகிறது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளையின்மேல் 147 சோடி நீளமுள்ள டி.என்.ஏ. இடப்பக்கமாக ஏறத்தாழ 1.65 சுற்றுச் சுற்றியிருக்கும். இந்த அலகு நியூக்கிளியோசோம் எனப்படும். ஒரு கருவில் ஏறத்தாழ 30 மில்லியன் நியூக்கிளியோசோம்கள் இருக்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மணிமாலை போலத் தெரியும். இடப்பக்கமாகச் சுற்றுவதும் ஒருவகை மறை மீச்சுருள்தான். பற்றீரியா சேலைபோல் முறுக்கி வைப்பதை நமது கலம் நூற்கட்டைபோல் சுற்றி வைக்கிறது. வடிவம் வேறு, கணக்கு ஒன்று. ஹிஸ்டோன் விலகும்போது அங்கே சேமிக்கப்பட்ட மறை மீச்சுருள் விடுபட்டு, அவ்விடம் திறக்க உதவியாகும்.

கலப்பிரிவின்போது இந்த மணிமாலை மேலும் மேலும் மடிந்து தடித்துக் குறுகும். அப்போதுதான் நீங்கள் வரையும் கோல்வடிவ நிறமூர்த்தம் தெரியும். மற்ற வேளைகளில் அது தளர்ந்தே கிடக்கும், ஏனென்றால் வாசிக்க வேண்டும்.

படியெடுக்கும்போது

பரம்பரையலகில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் நகலெடுப்பதே படியெடுப்பு. இதைச் செய்வது ஆர்.என்.ஏ. பொலிமரேசு நொதியம். அது டி.என்.ஏ.யில் அமர்ந்து, பத்துப் பன்னிரண்டு சோடி அளவான ஒரு சிறு பகுதியைத் திறந்து, ஓர் இழையை வாசித்து, அதற்கேற்ற ஆர்.என்.ஏ.யைக் கட்டிக்கொண்டே முன்னேறும். திறந்த பகுதி அதனுடன் நகரும். பின்னால் இழைகள் மறுபடி மூடிக்கொள்ளும்.

கண்டிச் சந்தையில் விற்கும் இரண்டு புரித் தும்புக்கயிறு ஒரு மீற்றர் வாங்குங்கள். இரு முனைகளையும் யன்னற் கம்பிகளில் இறுகக் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் இரு புரிகளுக்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகி, பென்சிலைச் சுழற்றாமல் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். முன்னால் உள்ள கயிறு இறுகும். இன்னும் தள்ளினால் முண்டு முண்டாக முறுக்கேறிப் பென்சிலை நகரவிடாது. பின்னால் உள்ள கயிறு தளர்ந்து புரிகள் விலகி நிற்கும். இனி முன்பக்க முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டுத் தள்ளுங்கள். கயிற்றின் நுனி சுழன்று முறுக்கு வெளியேறும். பென்சில் இலேசாக ஓடும்.

பென்சிலே பொலிமரேசு. அது பெரிய நொதியம். நீளும் ஆர்.என்.ஏ. வாலையும் இழுத்துக்கொண்டு செல்கிறது. கயிற்றைச் சுற்றிச்சுற்றிச் சுழன்று செல்ல அதற்கு எளிதல்ல. ஆகவே அது 10.5 சோடி முன்னேறும் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு திருப்பம் கூடும், பின்னால் ஒரு திருப்பம் குறையும். முன்னே நேர் மீச்சுருள், பின்னே மறை மீச்சுருள். இதை லெரோய் லியுவும் ஜேம்ஸ் வாங்கும் 1987 இல் விளக்கினர்.

அளவையும் பாருங்கள். ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்கான பரம்பரையலகு ஏறத்தாழ 1600 சோடி நீளமுடையது. பீற்றாத் தலசீமியா நோயில் பழுதடைவது இதுவே. இதை ஒரு தடவை வாசிக்க 150 திருப்பம் முன்னால் சேரும். இது சிறிய பரம்பரையலகு. தசைகளுக்குத் தேவையான டிஸ்ரோபின் என்னும் புரதத்தின் பரம்பரையலகு 2 மில்லியன் சோடிக்கு மேல் நீளமானது. ஒரு தடவை வாசித்து முடிக்க ஏறத்தாழ 16 மணித்தியாலம். சேரும் திருப்பம் 2 இலட்சத்துக்கும் மேல். அவிழ்க்க யாரும் இல்லாவிட்டால் பொலிமரேசு தொடங்கிய சிறிது தூரத்திலேயே நின்றுவிடும்.

ஆனால் முறுக்கு வெறும் தொல்லை அல்ல. முன்னால் வரும் நேர் மீச்சுருள் அங்குள்ள நியூக்கிளியோசோம்களைத் தளர்த்துகிறது. அவை இடப்பக்கச் சுற்று அல்லவா, எதிர்த்திசை முறுக்கு அவற்றுக்கு ஆகாது. பின்னால் வரும் மறை மீச்சுருளோ ஹிஸ்டோன்களில் மறுபடி சுற்றிக்கொள்ள வசதி செய்கிறது. பொலிமரேசு கடந்து போகும்போதே முன்னால் கட்டு அவிழ்கிறது, பின்னால் கட்டு விழுகிறது.

வெட்டி ஒட்டும் நொதியங்கள்

வெட்டாமல் கோர்வை எண் மாறாது என்றோம். ஆகவே கலம் வெட்டத்தான் செய்கிறது. டோபோஐசோமரேசு என்னும் நொதியங்கள் இதற்காகவே உள்ளன. இவற்றுள் முதலாவதை 1971 இல் ஜேம்ஸ் வாங் பற்றீரியாவில் கண்டார். மனிதனில் I ஆம் வகை, இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டி, வெட்டிய முனையைத் தன்னோடு பிணைத்துப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு சுழன்று வெளியேறியதும் அதே முனைகளை ஒட்டிவிடும். முன்பக்க முடிச்சை அவிழ்த்தீர்களே, அதே வேலை. இதற்கு ஏ.டி.பி. தேவையில்லை, முறுக்கில் தேங்கிய சக்தியே போதும். II ஆம் வகை இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளியினூடாக வேறொரு டி.என்.ஏ. பகுதியைக் கடத்திவிட்டு ஒட்டும். இதற்கு ஏ.டி.பி. வேண்டும். இழையுருப்பிரிவில் இரட்டித்த நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கிடந்தால் பிரித்துவிடுவதும் இதுவே. இது இல்லாமல் நீங்கள் வரையும் மேன்முகவவத்தைப் படத்தில் நிறமூர்த்தங்கள் முனைவுகளுக்குப் போய்ச் சேரமாட்டா. டெல்புரூக்கின் சங்கடத்துக்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. இழைகள் சுற்றித்தான் இருக்கின்றன, கலம் அவற்றை வெட்டி அவிழ்க்கிறது.

பற்றீரியாவில் கைரேசு என்னும் சிறப்பு வகை உண்டு. 1976 இல் மார்ட்டின் கெலர்ட்டும் குழுவினரும் கண்டது. அது ஏ.டி.பி.யைச் செலவழித்து மறை மீச்சுருளை ஏற்றும். வைத்தியசாலையில் சிறுநீர்த் தொற்றுக்கும் வேறு சில தொற்றுகளுக்கும் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசின் மாத்திரை இந்த நொதியத்தையே பிடிக்கிறது. வெட்டிய டி.என்.ஏ. ஒட்டப்படாமல் நிற்கும், பற்றீரியா இறக்கும். நமது நொதியத்தின் அமைப்பு வேறாதலால் மருந்தளவில் நமது கலங்கள் தப்பிக்கின்றன. வைத்தியர் சொன்ன நாட்களுக்கு முன் மாத்திரையை நிறுத்துபவர்கள் நமது ஊர்களில் அதிகம். கைரேசில் சிறு மாற்றத்தோடு தப்பிய பற்றீரியாக்கள் பெருகினால் அதே மாத்திரை அடுத்த தடவை வேலை செய்யாது.

புற்றுநோய் மருந்தொன்றும் இதே வழியில் வருகிறது. 1966 இல் மன்ரோ வோலும் மன்சுக் வானியும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1972 இல் பம்பாயில் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும் அதே பொருளை நோத்தபொடைற்றசு என்னும் வேறொரு மரத்தில் கண்டனர். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் நமது இலங்கையிலும் வளரும் சிறு மரம். சென்னை மாநிலக் கல்லூரியின் அதிபராகவும் இருந்த கோவிந்தாச்சாரி, தாவரப் பொருள்களின் இரசாயனத்தில் பெயர் பெற்றவர். அது புற்றுநோய்க் கலத்தை எப்படிக் கொல்கிறது என்பது 1985 இல்தான் தெரிந்தது. I ஆம் வகை டோபோஐசோமரேசு டி.என்.ஏ.யை வெட்டிய கணத்தில் இப்பொருள் இடையே புகுந்து ஒட்டவிடாமல் தடுக்கிறது. விரைவாகப் பிரியும் கலங்கள் இரட்டிக்கும்போது அந்த வெட்டில் மோதிச் சிதைகின்றன. இதிலிருந்து உருவாக்கிய டோபோடீக்கன், இரினோடீக்கன் ஆகிய மருந்துகள் 1996 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

பயிற்சி வினாக்கள்

1. 2100 சோடி கொண்ட வளைய டி.என்.ஏ. ஒன்றின் கோர்வை எண் 188. அதன் மீச்சுருள் எத்தனை? எவ்வகை?
விடை: 2100 ÷ 10.5 = 200. 188 − 200 = −12. மறை மீச்சுருள் 12. (குறியை எழுதாவிட்டால் புள்ளி குறையும்.)

2. படியெடுப்பின்போது பொலிமரேசுக்கு முன்னும் பின்னும் உண்டாகும் மீச்சுருள்களைப் பெயரிட்டு, நேரான நிறமூர்த்தத்திலும் அவை தாமாக அவிழாமைக்குக் காரணம் தருக.
விடை: முன்னால் நேர், பின்னால் மறை. டி.என்.ஏ. புரதங்களால் தடங்களாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் முனைகள் சுயாதீனமாகச் சுழல முடியாது.

3. குருதியில் ஓடும் முதிர்ந்த செங்குருதிக் கலத்தைக் கேம்ப்டோதெசின் வகை மருந்து நேரடியாகத் தாக்குமா? காரணம் கூறுக.
விடை: தாக்காது. அக்கலத்தில் கரு இல்லை. எனவே வெட்டவும் ஒட்டவும் டி.என்.ஏ. இல்லை. ஆனால் அக்கலங்களை உண்டாக்கும் என்பு மச்சைக் கலங்களுக்குக் கரு உண்டு, விரைவான பிரிவும் உண்டு. அதனாலேயே இம்மருந்து ஏற்றப்படுவோருக்கு அடிக்கடி குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது.